ஆயிரம் இடியம்ஸ் புத்தகத்தைக் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள், அம்மா

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பையன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன், இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறான், ஏழாவது செமஸ்டர் தொடங்கியதும் கேம்பஸ் இன்டர்வியூ வந்துவிடும், அதற்குள் இங்கிலீஷ் ஸ்டைலாக வரவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆயிரம் இடியம்ஸ், அதாவது மரபுத்தொடர்கள், உள்ள புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், அவனும் தினம் இருபது என்று உருப்போடுகிறான், ஆனால் பேசச் சொன்னால் முன்னைவிட அதிகமாகத் தடுமாறுகிறான். இதுதானே விஷயம்? தடுமாறத்தான் செய்வான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, படித்ததை எங்கே செருகலாம் என்று தேடிக்கொண்டே பேசினால் யாருக்குமே வாய் வராது.

என்னிடம் மாதிரி இன்டர்வியூவுக்கு வந்த ஒரு பையனிடம் ஏன் தாமதம் என்று கேட்டேன். 'இட் வாஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ், மேம்' என்றான். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பஸ் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை, அதைச் சொல்ல அவனிடம் இங்கிலீஷும் இருந்தது, ஆனால் மனப்பாடம் செய்தது முந்திக்கொண்டது. அந்தத் தொடரும் ரொம்பப் பழையது. நாயும் பூனையுமாக மழை பெய்வது பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தில் புழங்கும் பேச்சு. இன்றைக்கு அங்கே கனமழை என்றால் பெரும்பாலும் 'இட்ஸ் பௌரிங்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் பாடப்புத்தகங்கள்தான் நாயையும் பூனையையும் இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

நான் உங்களிடம் சொல்ல வருவது இவ்வளவுதான். இங்கிலீஷ் மரபுத்தொடர் காதில் விழுந்தால் புரிய வேண்டும். வாயில் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்டர்வியூவில் எதிரே உட்காருகிறவர், புராஜெக்டில் என்ன பிரச்சினை வந்தது, நீ என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பார். அதற்குச் சின்னச் சின்ன வாக்கியங்களில், சரியான வினைச்சொல்லோடு பதில் சொன்னால் போதும்.

விதிவிலக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பையன் எஸ்எஸ்சி சிஜிஎல் மாதிரி மத்திய அரசுத் தேர்வு எழுதப்போகிறான் என்றால் அந்தப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே முதல் கட்டத் தேர்வில் இங்கிலீஷுக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்பான பதிலுக்கு அரை மதிப்பெண் போய்விடும், மரபுத்தொடருக்கு என்ன பொருள் என்று நேரடியாகவே கேட்பார்கள். அந்தத் தேர்வுக்கு மனப்பாடம் உதவும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஐஈஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதுவது வேறு கதை. அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். 7 பேண்டு என்கிற மதிப்பெண் நிலைக்கான வரையறையில் மரபுச் சொற்களைப் பயன்படுத்துவது பற்றி ஒரு வரி உண்டு, சில கோச்சிங் சென்டர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாற்பது இடியம் கொண்ட பிரிண்ட்-அவுட் கொடுக்கின்றன. ஆனால் இடம் பார்த்துப் பேசுவதையும், எந்தச் சொல் எதோடு சேரும் என்பது தெரிந்திருப்பதையும் அதே வரி கேட்கிறது. கட்டுரை எழுதும்போது, ரொம்பச் சுலபம் என்பதற்கு 'பீஸ் ஆஃப் கேக்' என்று எழுதினால், கல்யாணப் பத்திரிகையில் 'மச்சான் வந்துடு' என்று அச்சடித்த மாதிரி இருக்கும்.

சரி, வேலையில் சேர்ந்த பிறகு அவன் காதில் என்ன விழும்? சென்னை ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் சேருகிறான், கிளையன்ட் அமெரிக்கா என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கர்களின் அலுவலகப் பேச்சில் பாதி பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது, நம் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணிடம் கிளையன்ட் 'ஜஸ்ட் கிவ் மீ எ பால்பார்க்' என்று கேட்டிருக்கிறார். தோராயமாக ஒரு கணக்குச் சொல்லு, முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம். இந்தப் பெண் இரண்டு நாள் உட்கார்ந்து, மணிக்கணக்கில் துல்லியமாக ஒரு எக்செல் ஷீட் தயாரித்து அனுப்பியிருக்கிறாள். அவர் அன்றைக்கே ஒரு எண்ணைக் காதில் வாங்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போக வேண்டியவர். உழைப்பு மொத்தமும் வீண், மேலே கெட்ட பெயரும்.

'டச் பேஸ்' என்றால் ஒரு எட்டுப் பேசிக்கொள்வோம் என்பது. 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராமல் வந்து விழுந்த சிக்கல். 'ரெய்ன் செக்' எனக்குப் பிடித்த ஒன்று. மழையால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்கலாம் என்று ரசிகர்களுக்குக் கொடுத்த சீட்டுதான் அது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். இன்று யாராவது சாப்பிடக் கூப்பிடும்போது 'கேன் ஐ டேக் எ ரெய்ன் செக்?' என்று கேட்டால், இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நாசூக்காகச் சொல்கிறார். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிரிட்டிஷ் கிளையன்ட் என்றால் உங்கள் பையனுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஏனென்றால் அவர்கள் பேச்சு கிரிக்கெட்டிலிருந்து வருகிறது. 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காத்துக்கொள்ளும் நிலை, 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் தர்மசங்கடமான நிலைமை. மழையில் நனைந்து காய்கிற பிட்சில் பந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாது இல்லையா, அதிலிருந்து வந்தது. நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிற 'ஹாட்ரிக்' இருக்கிறதே, 1858-ல் ஷெஃபீல்டில் ஸ்டீவன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்ததற்காக, பணம் வசூலித்து அவருக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடிய பையனுக்கு இதையெல்லாம் பாடமாக நடத்த வேண்டியதில்லை, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வான்.

ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் வேறொன்றுமாகிற கூத்தும் உண்டு. மீட்டிங்கில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்யலாம் என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் இப்போதே எடுத்துப் பேசலாம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் இப்போது வேண்டாம், தள்ளிப்போடலாம் என்று பொருள். இரண்டாம் உலகப்போரின்போது இரு நாட்டு ராணுவத் தலைமையும் கூடியிருந்த இடத்தில் இந்த ஒரு சொல்லால் நீண்ட வாக்குவாதமே நடந்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் இரண்டு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். சர்ச்சிலின் ஆட்களுக்கே இந்தக் கதி என்றால் உங்கள் பையன் தடுமாறியதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடியம் புத்தகங்கள் அதிகம் கண்டுகொள்ளாத, ஆனால் நாள்தோறும் காலை வாரிவிடுகிற சின்னத் தொடர்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'டெல் மீ அபவுட் இட்' என்று ஒருவர் சொன்னால், 'அதை ஏன் கேக்குற, நானும் அதைத்தான் அனுபவிக்கிறேன்' என்று அர்த்தம். நம் பையன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். காபி வேண்டுமா என்று கேட்டதற்கு 'ஐயம் குட்' என்றால் வேண்டாம் என்று பொருள். 'ஐயம் அப் ஃபார் இட்' என்றாலும் 'ஐயம் டவுன் ஃபார் இட்' என்றாலும் சம்மதம்தான், மேலேயும் கீழேயும் ஒன்றாகிவிடுகிற அதிசயம். 'லெட்ஸ் கால் இட் எ டே' என்றால் இன்றைக்கு இத்தோடு முடித்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மேனேஜர் 'இட் மைட் பி வொர்த் அனதர் லுக்' என்று மெதுவாகச் சொன்னால் அதை யோசனை என்று நினைத்து விட்டுவிடக்கூடாது, பெரும்பாலும் திரும்பச் செய் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். நம் வீட்டில் மாமியார் 'உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?' என்று கேட்பது மாதிரி.

அப்புறம் 'ஈஓடி'. நாள் முடிவதற்குள் வேண்டும் என்பார்கள். யாருடைய நாள்? நியூயார்க்கில் மாலை 5 மணி என்றால் கோடையில் நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30, குளிர்காலத்தில் 3.30. எங்கள் நேரமா உங்கள் நேரமா என்று கேட்டுக்கொள்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

நாம் பேசுகிற இந்திய இங்கிலீஷைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'டூ தி நீட்ஃபுல்', 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இவற்றையெல்லாம் தப்பு என்று சொல்லிப் பிள்ளையை அடக்கி வைக்காதீர்கள். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், 'ப்ரீபோன்' ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்காரரோடு பேசும்போது இரண்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பதில் எழுதுகிறேன் என்பதற்கு 'ரிவர்ட்' என்றால், பழைய நிலைக்கே திரும்புவதாக அவர் எடுத்துக்கொள்ளலாம், மென்பொருள் வேலையில் அது பெரிய குழப்பம், செய்த மாற்றத்தையே அழித்துவிடுவான் போலிருக்கிறதே என்று பயந்துவிடுவார். அடுத்தது 'பாஸ்டு அவுட்'. '2026-ல் பாஸ்டு அவுட்' என்று சொன்னால் அந்த வருடம் மயங்கி விழுந்தான் என்றுதான் அமெரிக்கர் காதில் விழும். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடக்கிற பாசிங் அவுட் பரேட் வேறு, அது ராணுவ வழக்கு, அங்கே அது சரி. பையன் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிப் பழகட்டும்.

ஸ்லாங் பற்றி நான் நீளமாக எழுதப்போவதில்லை. அது பால் பாக்கெட் மாதிரி, சீக்கிரம் திரிந்துவிடும். 2023-ல் ஆக்ஸ்போர்டு 'ரிஸ்' என்பதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது, ஆட்களைக் கவர்கிற சாமர்த்தியம் என்று அதற்குப் பொருள், அடுத்த ஆண்டே 'பிரெயின் ராட்' அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் 'நோ கேப்' (பொய்யில்லை), 'சஸ்' (சந்தேகமாக இருக்கு) என்று அவன் எழுதட்டும், அது நண்பர்கள் பாஷை. எச்ஆருக்குப் போகிற மெயிலில் 'ப்ரோ'வும் 'கான்னா'வும் வராமல் இருந்தால் சரி. தப்பு செய்துவிட்டால் 'மை பேட்' என்று கூட வேலை செய்கிறவனிடம் சொல்லலாம், கிளையன்டிடம் 'ஐ அபாலஜைஸ்'.

எப்படிப் படிப்பது என்று கேட்டால், என் வழி கொஞ்சம் பழைய வழி. பையனுக்குத் தமிழ் நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அவன் கையில் இருக்கிற காசு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே இரண்டு பறவை என்று சொன்னால் போதும். கொல்லன் தெருவில் ஊசி விற்பதை அவர்கள் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பெயர்போன நியூகாசிலுக்கே கரி கொண்டுபோவது என்பார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை அங்கேயும் புல்தான். அல்வா சாப்பிடுவது மாதிரி என்று நாம் சொல்வதற்கு அவர்களிடம் கேக். இப்படி ஜோடி போட்டுப் படித்தால் மறக்காது. ஆனால் ஜோடி பொருந்தாத இடமும் உண்டு, அங்கேதான் உஷார். 'புல்லிங் மை லெக்' என்றால் சும்மா கிண்டல் செய்வது. நாம் காலை வாரிவிட்டான் என்று சொல்வதில் துரோகமே இருக்கிறது. ஒரு பையன் டீம் லீடருக்கு எழுதிய மெயிலில், கூட இருந்தவன் புராஜெக்டில் என் காலை வாரிவிட்டான் என்று சொல்ல இந்தத் தொடரைப் போட்டான், படித்தவர் ஏதோ நண்பர்கள் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக ஒன்று காதில் விழுந்தால் கேம்பிரிட்ஜ் மாதிரி கற்போருக்கான அகராதியில் பார்க்கட்டும், போனிலேயே இலவசம். பொருளுக்குப் பக்கத்தில் இது பேச்சு வழக்கு, இது பழங்காலத்தது, இது புண்படுத்தும் என்று குறிப்பு போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் பொருளைப் பார்த்துவிட்டு அந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் சில நிமிடங்களே ஓடும் ஒலித்துண்டுகள் கிடைக்கின்றன, பஸ்ஸில் போகும்போது கேட்கலாம். ஒரு வாரத்துக்கு மூன்று போதும், இருபது வேண்டாம். மனப்பாடம் செய்தே தீருவேன் என்றால் ஒரே ஒரு வாக்கியத்தைச் செய்யட்டும்: 'சாரி, வாட் டு யூ மீன் பை தட்?' இதைக் கூச்சமில்லாமல் கேட்கிற பிள்ளையை எந்த இன்டர்வியூவிலும் மட்டமாக நினைத்து நான் பார்த்ததில்லை. புரிந்த மாதிரி தலையாட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாக, அவனைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்த அந்த 12,000 ரூபாய் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு டெமோ வகுப்புக்கு அவனை அனுப்புங்கள், ஒரு மணி நேரத்தில் அவன் எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசினான் என்று திரும்பி வந்ததும் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை என்றால் கட்ட வேண்டாம். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் அவன் கல்லூரியிலேயே இங்கிலீஷ் பயிற்சி இருக்கிறதா என்று பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்குப் போன் செய்யட்டும், பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசிப் பார்ப்போம். புத்தகம் பக்கத்தில் இருக்கக்கூடாது.