உலர்ந்த ஒயின்னா என்னங்க?

கேள்வி: நாசிக் பக்கம் ஒரு ஒயினரிக்கு போயிட்டு வந்து, அங்க குடிச்ச சாவிஞான் ப்ளாங்க்ங்கற வெள்ளை ஒயின் பத்தி தமிழ்ல எழுதினேன். "உலர்ந்த, நடுத்தர உடல் கொண்ட, நெல்லிக்காய் மணம் வீசும் நேர்த்தியான ஒயின்"னு. படிச்சிட்டு என் தங்கச்சி ஒண்ணுமே புரியலண்ணான்னுட்டா. எப்படித்தான் எழுதுறது?
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: தங்கச்சி சொன்னது சரிதாங்க. நீங்க உலர்ந்தன்னு எழுதினது இங்கிலீஷ்ல ட்ரை, ஒயின்ல அதுக்கு சர்க்கரை கிட்டத்தட்ட இல்லன்னு அர்த்தம், ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரைக்கும், புளிப்பு போதுமான அளவு இருந்தா 9 கிராம் வரைக்கும் ட்ரைன்னு போட்டுக்கலாம், அதனால "இனிப்பே இல்ல"ன்னு எழுதினா வேலை முடிஞ்சது. உடல்னு எழுதாதீங்க, தண்ணி மோரா கெட்டி மோரான்னு சொன்னா யாருக்கும் புரியும்.

நெல்லிக்காய்தான் பெரிய சிக்கல். இங்கிலீஷ்காரங்க சொல்ற கூஸ்பெரி வேற செடி, நம்ம நெல்லிக்காய் வேற. நம்ம ஆளுங்க நெல்லிக்காய்னு படிச்சதும் நாக்குல துவர்ப்பு வந்துடும், ஆனா வெள்ளை ஒயின்ல துவர்ப்பு பெருசா இருக்காது, ஆக நீங்க சொல்லாத ருசிய அவங்க கற்பனை பண்ணிக்கிறாங்க. அதே சாவிஞான் ப்ளாங்க்ல பச்சைக் குடமிளகாய் வாசனை வரும்பாங்க, அது சும்மா உவமை இல்ல, மெத்தாக்சிபைரசின்னு ஒரே வகைப் பொருள்தான் ரெண்டுலயும் இருக்கு. ஷிராஸ்ங்கற சிவப்பு ஒயின்ல வர்ற மிளகு வாசனையும் அப்படித்தான், மிளகுல இருக்குற ரோட்டண்டோன்ங்கற பொருள்தான் அதுலயும். குடமிளகாயும் மிளகும் நம்ம அடுப்பங்கரைலயே இருக்கே!

சிவப்பு ஒயின் பத்தி எழுதும்போது நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, துவர்ப்புங்கற வார்த்தை. அதுல இருக்குற டேனின்ங்கற துவர்ப்புப் பொருள் எச்சில்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு வாயை வறட்டிடும், இங்கிலீஷ்ல புதுசா படிக்கிறவங்க அதையும் ட்ரைன்னு நினைச்சு குழம்புவாங்க, நமக்கு வாழைப்பூவும் பால் ஊத்தாத கடும் டீயும் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்த ருசி அது.

நேர்த்திங்கறத எடுத்துடுங்க. கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல ஆன் நோபிள் 1980கள்ல ஒயின் வாசனைச் சக்கரம் போட்டப்போ இந்த மாதிரி பாராட்டு வார்த்தைய சேர்க்கவே இல்ல, மூக்குக்கு தெரியிற பேரு மட்டும்தான்.

"இனிப்பே இல்ல, எலுமிச்சை மாதிரி சுள்ளுன்னு புளிப்பு, மூக்குகிட்ட கொண்டு போனா அப்பதான் நறுக்கின குடமிளகாய்" - இப்படி எழுதலாம், உங்க கிளாஸ்ல நிஜமாவே அது வந்திருந்தா மட்டும். எழுதி தங்கச்சிகிட்ட படிச்சுக் காட்டுங்க, எங்க நிறுத்தி "அப்படின்னா?"ன்னு கேக்குறாங்களோ அந்த வார்த்தைய மாத்துங்க.