பிரதேச சபையிடம் வீடு கேட்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு மண்முனை மேற்கில், அம்மாவின் பேர்மிட் காணியில் தகரக் கொட்டில் போட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். வீட்டுத்திட்டம் கேட்டுப் பிரதேச சபைக்குப் போனால், "எங்களிட்ட காசில்ல, டி.எஸ். ஒபிசுக்குப் போங்க" என்று பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே போனால், "காணி உங்கட பேர்ல இல்லையே" என்கிறார்கள். எங்கள் வட்டார உறுப்பினர் அடுத்த வருட பட்ஜெட்டில் பார்ப்போம் என்கிறார். நான் யாரிடம் கேட்பது?

பதில்: சகோதரி, இரண்டு இடத்திலும் சொன்னது உண்மைதான். ஆனால் முழுவதையும் ஒருவராவது உங்களை இருத்தி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கான காசு ஓரிடத்தில், காணி இன்னோரிடத்தில், கட்டுவதற்கான அனுமதியும் ரோட்டும் மற்றோரிடத்தில் இருக்கின்றன. உங்களுக்கு முதல் வேலை காணியில்தான்.

அம்மா வைத்திருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமாக இருக்க வேண்டும். பேர்மிட்டை எடுத்துப் பாருங்கள், சட்டத்தின் பெயர் அதிலேயே இருக்கும். அப்படியானால் அந்தக் காணியை நொத்தாரிசிடம் போய் உங்கள் பெயருக்கு எழுத முடியாது. முத்திரை ஒட்டிக் கடதாசியில் எழுதிக் கொடுப்பதும் செல்லாது. நம் பகுதியில் தாய் வீடு மகளுக்கு என்பது காலங்காலமாக உள்ள வழக்கம். வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனம் என்று ஊரே ஒத்துக்கொள்ளும். பேர்மிட் காணிக்கு அந்த வழக்கம் பொருந்தாது. பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்று நியமிப்பவர், பெயர் பதியாமல் பேர்மிட்காரர் இறந்துபோனால் காணி யாருக்கு என்பதைச் சட்டத்தின் அட்டவணைதான் தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண் பிள்ளையைத்தான் முன்னுக்கு வைத்திருந்தது. அம்மாவின் வளவிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பெண்கள் இதனால் அண்ணன், தம்பியின் தயவில் நின்றார்கள். 2022இல் வந்த திருத்தம் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. என்றாலும் அட்டவணையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அம்மா சுகமாக இருக்கும்போதே அவவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். பேர்மிட்டின் மூலப் பிரதி, அம்மாவின் அடையாள அட்டை, உங்கள் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். உங்களைப் பின்னுரித்தாளராகப் பதியும்படி அம்மா தன் வாயால் கேட்க வேண்டும். அவவின் உயிர் உள்ளபோது பதிந்தால்தான் அது செல்லும். சகோதரர்கள் இருந்தால் போவதற்கு முன்னம் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். ஒபிசில் வைத்துச் சண்டை வந்தால் வருடக்கணக்கில் இழுபடும். காணியைப் பிரிக்க நினைத்தால் பேர்மிட்டில் உள்ள நிபந்தனையை வாசியுங்கள். அதில் போட்டுள்ள ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே துண்டாட விடமாட்டார்கள்.

இனி வீட்டுக் காசு. அது பெரும்பாலும் மத்திய அரசின் வீடமைப்பு அமைச்சிலிருந்து, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகம் வழியாக வரும். பயனாளிப் பட்டியல் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் தொடங்குகிறது. ஆகவே விதானையாரிடம், அதாவது அந்தக் கிராம உத்தியோகத்தரிடம், முதலில் கேட்க வேண்டியது, உங்கள் குடும்பம் அம்மாவின் குடும்பத்தோடு சேர்ந்தா, தனியாகவா பதியப்பட்டிருக்கிறது என்பது. சேர்ந்திருந்தால், உங்களை வீடில்லாத குடும்பமாக யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். தனியாகப் பதிந்து, பின்னுரித்தாளர் பதிவின் பிரதியையும் அம்மாவின் சம்மதக் கடிதத்தையும் வைத்து விண்ணப்பியுங்கள்.

பெயர் வந்துவிட்டால் சந்தோஷத்தில் பெரிதாக அத்திவாரம் வெட்டிவிடாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். காசு தவணை தவணையாகத்தான் வரும். தொழினுட்ப உத்தியோகத்தர் டேப்போடு வந்து, அத்திவாரம், லிண்டல் (கதவு, யன்னலுக்கு மேலே வரும் வளை), கூரை என்று ஒவ்வொரு மட்டத்தையும் பார்த்து எழுதினால்தான் அடுத்த தவணை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். அதோடு ஒரு அறையைக் கூட்டிக் கட்டப்போய் நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. 2019இல் ஆட்சி மாறியபோது மாதிரிக் கிராமத் திட்டங்களின் தவணைகள் நின்றுபோய், லிண்டல் மட்டத்தோடு பற்றை படர்ந்த சுவர்களையும் பார்த்திருப்பீர்கள். முதலில் ஓர் அறையும் குசினியும் கூரையோடு முடியும்படி கட்டுங்கள். மிச்சக் காசு வராமல் போனாலும் பிள்ளைகள் நனையாமல் படுக்கலாம்.

சபையிடம் வீட்டுக்குக் காசில்லை என்பது உண்மை. சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம், மாகாணம் வழியாக வரும் முத்திரை வரி ஆகியவைதான் அதன் சொந்த வருமானம். கிராமப்புறச் சபைக்கு இது ரோட்டுக்கும் தெருவிளக்குக்குமே போதாது. என்றாலும் உங்கள் வீடு மலிவாக முடியுமா, முடிந்தபின் அதில் இருக்க முடியுமா என்பதெல்லாம் சபையின் கையிலும் இருக்கிறது. கட்டட வரைபட அனுமதி அங்கேதான் எடுக்க வேண்டும். அத்திவாரம் வெட்டுமுன் எடுத்துவிடுங்கள், பிறகு எடுக்கப்போனால் தண்டமும் அலைச்சலும்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரியது தண்ணீர். கிறவல் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, வளவுகள் பள்ளமாகிவிட்ட கிராமங்கள் உங்கள் பக்கம் அதிகம். மாரியில் ரோட்டுத் தண்ணீர் முற்றத்துக்கு வரும், வடிய மதகு இராது. 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எந்த மட்டத்துக்கு நின்றது என்று அயலில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, வீட்டின் நிலமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். அத்திவாரத்தில் இரண்டு வரி சீமெந்துக் கல் கூடினாலும் பரவாயில்லை. வடிகானும் மதகும் சபையின் வேலை.

உங்கள் உறுப்பினரிடம் கேட்க வேண்டியதும் அதுதான். "வீடு தாங்க" என்று கேட்டால் அவரால் வாக்குறுதிதான் தர முடியும். 2023 மார்ச் தொடக்கம் 2025 மே தேர்தல் வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இல்லை. இப்போது இருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பாதீடு (பட்ஜெட்) அதற்கு முந்திய மாதங்களில் தயாராகும். அந்த நேரத்தில், உங்கள் ஒழுங்கையில் உள்ள குடும்பங்கள் எல்லாரும் கையொப்பமிட்டு, எந்த இடத்தில் மதகு வேண்டும் என்று கையால் வரைந்த ஒரு படத்தோடு தவிசாளருக்கு எழுத்தில் கொடுங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டப்படி வீடமைப்புக்கும் சமூக அபிவிருத்திக்கும் ஒரு குழு உண்டு. அதில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரைப் போடும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.

பயனாளிப் பட்டியலில் பெயர் விடுபட்டால் காரணத்தை வாய்ப்பேச்சில் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் பட்டியலையும் தெரிவு செய்த முறையையும் தமிழில் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வராதீர்கள்.