பழைய டிவிக்கு இன்னும் ஆயுள் உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிக்சர் டியூப் டிவியையும் பிளாஸ்மா டிவியையும் விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பழைய திரைகள் படத்தின் தரத்தில் தோற்று ஒதுங்கியவை அல்ல. எடையும் பருமனும் தொழிற்சாலைக் கணக்கும்தான் அவற்றை வீழ்த்தின.

புதிதாக எல்இடி டிவி வாங்கினோம். டிவிடி படங்கள் பழைய டிவியில் தெரிந்த அளவுக்குக்கூட நன்றாகத் தெரியவில்லையே, கோளாறா?

கோளாறு இல்லை. டிவிடியில் இருப்பது 480 அல்லது 576 வரிகள் மட்டுமே. பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை அந்த வரிகளை வந்தபடியே திரையில் வரைந்துவிடும். 4கே திரையிலோ 2160 வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன. 576 வரிகளை வைத்துக்கொண்டு அத்தனையையும் நிரப்ப வேண்டுமானால், இல்லாததை டிவியே ஊகித்துப் போட வேண்டும். அந்த ஊகம்தான் முகங்களில் மெழுகு பூசியதுபோல் தெரிகிறது.

ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். பட அமைப்பை ‘விவிட்’ என்பதிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். 4:3 அளவில் எடுத்த படத்தை அகலமாக இழுக்காதீர்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வேகமாக ஓடும் பந்து புது டிவியில் வால் முளைத்ததுபோல் தெரிவது ஏன்?

டியூபில் ஒவ்வொரு புள்ளியும் மின்னல்போல் ஒளிர்ந்து உடனே அணைந்துவிடும். எல்சிடி திரை (எல்இடி டிவி என்று விற்பதும் எல்சிடிதான், பின்விளக்கு மட்டுமே எல்இடி) ஒரு படத்தை, அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண் பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால், நிற்கும் படம் விழித்திரையில் இழுபடுகிறது. புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையிலும் இந்தச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. ஓட்டத்தைக் காட்டுவதில் பழைய டியூபை மிஞ்சுவது இன்றும் எளிதல்ல.

என் பிக்சர் டியூப் டிவியில் பழுது. செலவு செய்யலாமா?

எந்தப் பழுது என்பதைப் பொறுத்தது. திரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதியில் ஒரு ஐசியோ, விட்டுப்போன சால்டரிங்கோ காரணமாக இருக்கும். சரிசெய்யலாம். ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ படிந்திருந்தால், பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரின் காந்தம் டியூபுக்குள் இருக்கும் உலோகத் தகட்டில் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு டிவியைப் பிளக்கிலிருந்து எடுத்து அரைமணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். போட்டவுடன் ‘தும்’ என்று ஓர் அதிர்வு கேட்கும். காந்தத்தை நீக்கும் சுருள் வேலை செய்யும் சத்தம் அது. சுருளுக்கு மின்சாரம் விடும் பாகம் ஆறாமல் மீண்டும் மீண்டும் போட்டு அணைத்தால் பயன் இல்லை. சில தடவை இப்படிச் செய்தாலே பெரும்பாலும் கறை போய்விடும்.

ஆனால், டிவி போட்டு வெகுநேரம் கழித்தே படம் வருகிறது, வந்தாலும் மங்கலாக இருக்கிறது, வெளிச்சமான இடங்கள் வெள்ளி பூசியதுபோல் வழிகின்றன என்றால் டியூபே தேய்ந்துவிட்டது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

எந்தப் பழுதானாலும் பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். கலர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பிளாஸ்மா டிவியைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்களே, ஏன் நிறுத்திவிட்டார்கள்?

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இதுதான். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் நியான், செனான் வாயு அடைத்த ஒரு சிற்றறை. தானே ஒளிரும், தானே அணையும். அதனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. பயோனியர் நிறுவனத்தின் குரோ பிளாஸ்மா டிவிகளை, விளக்கை அணைத்த அறையில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

தோல்வி வேறு இடத்தில் வந்தது. விளக்குகள் எரியும் கடையில் எல்சிடி பளிச்சென்று தெரிய, பக்கத்திலிருந்த பிளாஸ்மா சோர்ந்து தெரிந்தது. மின்சாரமும் அதிகம் தின்றது. புள்ளிகளைச் சிறிதாக்கினால் வெளிச்சம் குறைந்தது. ஆகவே சிறிய திரைகளும், வீட்டுக்கு ஏற்ற அளவில் 4கேயும் அதற்கு எட்டாக்கனியாயின. எல்சிடிக்கோ மடிக்கணினி, மானிட்டர், போன் என்று பல சந்தைகள். அத்தனையும் சேர்ந்து அதன் விலையை இறக்கின. பானாசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது; 2014இல் சாம்சங்கும் எல்ஜியும் விலகின.

உங்களிடம் நல்ல பிளாஸ்மா இருந்தால், அது ஓடும்வரை ஓட்டுங்கள். சேனல் லோகோ மட்டும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால் அதன் தழும்பு திரையில் தங்கிவிடும்.

பழைய வீடியோ கேமின் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யவில்லை. அடாப்டர் போட்டால் சரியாகுமா?

ஆகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாக ஒளிரும். அந்த ஒளி எந்த நொடித்துகளில் வந்தது என்பதை வைத்தே துப்பாக்கி கணக்குப் போடுகிறது. தட்டைத்திரை படத்தை வாங்கிச் சீர்படுத்திக் காட்டுவதற்குள் அந்த நேரம் தவறிவிடும். பழைய கேம் பிரியர்கள் பிக்சர் டியூப் டிவிகளைத் தேடிப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். இந்த ஒரு கூட்டத்தில் டியூப் நிச்சயம் பிழைத்திருக்கும்.

அப்படியென்றால் யாராவது மறுபடி டியூப் தயாரிக்கலாமே?

எனக்கும் ஆசைதான், ஆனால் நடக்காது. ஈயம் கலந்த கண்ணாடியை வார்க்கும் உலை, நுண்துளைத் தகடு, எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் பூச்சு, காற்றை முழுதாக உறிஞ்சி எடுக்கும் வசதி என எல்லாம் ஒரே நேரத்தில் பேரளவில் ஓடினால்தான் டியூப் கட்டுப்படியாகும். 2007இன் கடைசிக் காலாண்டில் உலக விற்பனையில் எல்சிடி டியூபை முந்தியது; அதன் பிறகு டியூப் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். டியூபின் தத்துவத்தையே தட்டையாக்கிப் பார்த்த எஸ்இடி திரையையும், கேனான் 2010இல் கைவிட்டது. சோனியின் 43 அங்குல டியூப் டிவி சுமார் 200 கிலோ எடை என்பதையும் நினைத்துப் பாருங்கள். இன்றைய சுவர் அகலத் திரைகளுக்கு அந்த வழியில் போகவே முடியாது.

எல்சிடிக்கும் இதே கதி வருமா?

சீக்கிரத்தில் வராது. சாம்சங் டிஸ்பிளே 2022இல் எல்சிடி தயாரிப்பை விட்டது உண்மைதான். ஆனால் மலிவிலும் வெளிச்சத்திலும் எல்சிடியின் இடம் இன்னும் உறுதியாக இருக்கிறது. கறுப்பை நேசிப்பவர்கள் ஓஎல்இடியைப் பாருங்கள். தானே ஒளிரும் புள்ளி என்ற பிளாஸ்மாவின் வரமும், தழும்பு விழும் சாபமும் அதில் இருக்கின்றன.

ஓடாத பெட்டியை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள், உடைக்கவும் கூடாது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் டியூப் உடையும்போது கண்ணாடிச் சில்லுகள் நாலாபுறமும் தெறிக்கும். முன்பு அந்தக் கண்ணாடியை உருக்கிப் புது டியூபே செய்தார்கள்; இன்று அந்த வழி அடைபட்டுவிட்டதால் ஈயக் கண்ணாடியைக் கையாள்வது சிரமமான வேலை. அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மையத்தில் முழுப் பெட்டியாகவே கொடுங்கள். அதற்கு முன், ஓடும் நிலையில் இருந்தால் பழைய கேம் ஆடுபவர் யாராவது வேண்டுமென்று சொல்கிறாரா என்று விசாரியுங்கள்.