செல்லுஞ்செலவு

அன்புள்ள ஐயா,

என் கணவர் வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வட இந்தியா போக வேண்டும் என்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றார். சபையில் ஒரு அக்கா, 'லோத்தின் மனைவி மாதிரி திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிவிடாதே' என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெபிக்கவே முடியவில்லை. எனக்கு விசுவாசம் குறைவா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. லூக்கா 14-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தன் சிலுவையைச் சுமக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று சொன்ன கையோடு, கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து 'செல்லுஞ்செலவை'க் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்கிறார். நீங்கள் கேட்டதும் அந்தக் கணக்கைத்தான்.

அதற்குச் சற்று முன்னால், மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் என்று ஒரு வசனம் வருகிறது. உங்கள் கணவர் அதைக் காட்டலாம். கடினமான வசனம்தான், மழுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் அது ஒருவன் தன் இருதயத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. மனைவி கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போது எடுத்து வீசுவதற்கு அல்ல.

என் அப்பா ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார். சாயர்புரம் பக்கம் ஒரு சின்ன ஊர். சம்பளம் மாதம் தவறி வரும். எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். அந்தக் கைப்பிடி அரிசி எங்கள் வீட்டுக்கு வரும். முப்பது வீட்டு அரிசி. புழுங்கல், பச்சை, ரேஷன், புதுசு, பழசு எல்லாம் கலந்து கிடக்கும். அப்படியே உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி விறைத்து நிற்கும். அம்மா அதைச் சுளகில் பரப்பி, நிறம் பார்த்துப் பார்த்துப் பிரிப்பார். சாயங்காலம் முழுக்க அதே வேலை. அப்பாவைப் பற்றி அந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அந்தச் சுளகைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-இல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் ரோமில் புனிதர் பட்டம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி பார்கவி அம்மாள், ஞானஸ்நானத்துக்குப் பின் ஞானப்பூ அம்மாள், கணவர் போன பிறகு வடக்கன்குளத்தில் விதவையாக வாழ்ந்து அங்கேயே இறந்தார். கணவர் சங்கிலியில் கிடந்த மூன்று வருஷமும் அவர் எப்படிச் சோறு உண்டார், எப்படித் தூங்கினார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆனால் ஞானஸ்நானத் தண்ணீர் அவர் தலையிலும் விழுந்தது; அந்த வழியை அவரும் ஏற்றுக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் இப்போது அழைப்பு ஒருவருக்கு, செலவு நான்கு பேருக்கு என்று இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அம்மா ஒருநாளும் கசந்து பேசியதில்லை. எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "அப்பா என்னைக் கேட்டாக. வந்த வேலை வேண்டாம்னு எழுதின கடுதாசியை என் கையில கொடுத்து, நீ சொன்னா தபால்ல போடுதேன்னாக. ரெண்டு நாள் வச்சிருந்தேன். மூணாம் நாள் நானே போய்ப் போட்டேன்" என்றார்.

இதை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அப்புறம் இரண்டு பேருமாக அவரை அனுப்பப்போகும் மிஷன்காரர்களிடம் போய்க் கேளுங்கள்: மாதம் எவ்வளவு தருவார்கள், கடனுக்கு என்ன வழி, பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று. வடக்கே இருக்கும் பல மிஷனரிகளின் பிள்ளைகள் இங்கே விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பையனை விட்டுப் பிரிந்திருக்க உங்களால் முடியுமா என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். அதுவரை அவருடைய ராஜினாமாக் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.