இடிக்கறதுக்கு முன்னாடி தூணைப் பாருங்க

வணக்கம் சார். 35 வருஷ சென்னை ஃபிளாட், பாத்ரூம் சீலிங் பெயர்ந்து கம்பி தெரியுது, பில்டர் இடிச்சே ஆகணும்கிறார், 12 பேரில் 2 பேர் சம்மதிக்கலைன்னு எழுதியிருக்கீங்க.

பில்டர் சொல்றதை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. பாத்ரூம், சன்ஷேடு கம்பி துருப்பிடிக்கிறது பெரும்பாலும் தண்ணி கசிவால், அதைச் சரிபண்ணலாம். தூணும் பீமும் எப்படியிருக்குங்கிறதுதான் முக்கியம். நீங்களே காசு போட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வையுங்க. தூணைப் புதுசா கொத்தி பினாப்தலீன்ங்கிற, காரத்தன்மை இருந்தா நிறம் மாறுற திரவத்தைத் தெளிப்பாங்க, பக்கத்தில் நின்னு பாருங்க. இளஞ்சிவப்பா மாறினா அங்கே கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கு, கம்பிக்குப் பாதுகாப்பு. நிறம் மாறாத பகுதி கம்பி வரைக்கும் போயிருந்தா, மேல மேல பூசுறது வீண் செலவு.

2022 அடுக்குமாடிச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூணில் ரெண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் வேணும். உங்ககிட்ட 10 பேர் இருக்காங்க. ஆனாலும் அந்த ரெண்டு பேர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. வயசானவங்களா இருந்தா, வேலை பாதியில் நின்னுட்டா எங்கே போறதுங்கிற பயம் ரொம்ப நியாயமானது. வாடகை, காலக்கெடு, பேங்க் கேரண்டி மூணும் ஒப்பந்தத்தில் வராம யாரும் சாவியைக் கொடுக்காதீங்க.

எல்லார் பத்திரத்திலும் உள்ள யூடிஎஸ்ஸை, அதாவது மனையில் ஒவ்வொருத்தருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கை, கூட்டினா மனை அளவோடு ஒத்துப்போகுதான்னும் இப்பவே பாருங்க. பழைய ஃபிளாட்டுகளில் அங்கேதான் உதைக்கும்.