இணையத்தில் நடக்கும் கேலியும் கொடுமையும், நேரில் நடப்பதைப் போலவே பிள்ளைகளைப் பாதிக்குமா?

கேள்வி கேட்டவர் கீழே விளக்கமும் போட்டிருக்கிறார். நேரில் அடிக்கிறார்கள், பையைப் பிடுங்கி வீசுகிறார்கள் என்றால் புரிகிறது. திரையில் வருகிற நாலு வார்த்தைக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் இப்படி இடிந்துபோகிறார்கள், போனை அணைத்துவிட்டால் தீர்ந்ததே என்று.

பாதிக்கும். சில வகைகளில் நேரில் நடப்பதைவிட மோசமாகவே பாதிக்கும். ஆனால் இணையத்தையும் நேரையும் தனித்தனித் தட்டில் வைத்து நிறுப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. பெரும்பாலும் இரண்டையும் செய்வது அதே நாலு பேர். பகலில் வகுப்பில், ராத்திரி குரூப்பில்.

வில்லிவாக்கத்தில் எட்டாவது முதல் பத்தாவது வரை கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறேன். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, சிபிஎஸ்இ என்று எல்லா யூனிஃபார்மும் என் வீட்டு மாடிக்கு ஏறி வரும். ஸ்கூலில் சொல்லாததை டியூஷன் மிஸ்ஸிடம் சொல்வார்கள். நான் ரேங்க் கார்டில் எதையும் எழுதப்போவதில்லை என்ற தைரியம்தான்.

ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒன்பதாவது படித்த ஒரு பையன். மகாபலிபுரம் டூர் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறான். ஒருவன் போட்டோ எடுத்து, பின்னணியை வெட்டி, முகத்தை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்றி, கீழே 'ஈ உள்ளே போயிடுச்சு' என்று எழுதி வகுப்பு குரூப்பில் போட்டான். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். இவனும் ஒரு சிரிப்பு எமோஜி போட்டான். போடாமல் இருக்க முடியாது. போடவில்லை என்றால் 'ஓவரா சீன் போடறான்' என்று அடுத்த கலாய்ப்பு ஆரம்பமாகும்.

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வந்தது. 'நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட்டுக்கு எத்தனை லெசன்?' என்று இவன் கேட்டால், இவன் முகமே இவனுக்குப் பதிலாக வரும். பிறகு அது பக்கத்து செக்‌ஷனுக்குப் போனது, அங்கிருந்து வேறு பள்ளிகளுக்கும் போனது. ஒரு நாள் என் டியூஷன் குரூப்பில் மழையால் லீவு என்று நான் அறிவித்தபோது, வேறு பள்ளியில் படிக்கும் ஒரு பெண் சந்தோஷத்தில் ஒரு ஸ்டிக்கர் போட்டாள். அதே ஸ்டிக்கர்தான். அது யார் முகம் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டிக்கரில் கண் பாதி மூடி, வாய் பிளந்திருக்கும். நேரில் பார்த்தவர்களால்கூடச் சட்டென்று சொல்ல முடியாது. யாரோ அனுப்பினார்கள், சிரிப்பாக இருந்தது, ஃபேவரிட்டில் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு அதுவரை என் மாடி வேறொரு உலகம். அங்கே அவன் ஜியோமெட்ரி கிராஃப் சுத்தமாகப் போடுகிறவன். பட்டப்பெயர் கிடையாது. அந்த ஒரு இடமும் அன்றைக்குப் போனது. அடுத்த இரண்டு வாரம் டியூஷனுக்கு வயிற்றுவலி, தலைவலி என்று அவன் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்துகொண்டிருந்தது.

இதில் அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, மிரட்டல் இல்லை. யாரிடமாவது புகார் சொல்வதென்றால் என்னவென்று சொல்வது? 'ஸ்டிக்கர் அனுப்பறாங்க சார்' என்றா?

நேரில் நடக்கும் கொடுமைக்கு ஒரு நேரம், ஓர் இடம், ஒரு கூட்டம் என்ற எல்லை உண்டு. மூன்றரை மணிக்கு பெல் அடித்தால் அன்றைய கதை முடியும். அப்பா வேலை மாற்றலாகி வேறு ஊர் போனால் பழைய பட்டப்பெயர் அங்கேயே நின்றுவிடும். போனில் வருவதற்கு இந்த எல்லைகள் கிடையாது. இன்னொன்று, செய்தவன் ஒரே ஒரு முறைதான் செய்கிறான். மற்றவர்கள் அதை ஆயிரம் முறை செய்துவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கர் செய்த பையனைக் கேட்டால் 'நான் ஒரு தடவைதான் போட்டேன்' என்பான். அது பொய்யும் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே நடக்கும் கொடுமையை 1970களிலிருந்து ஆராய்ந்த டேன் ஒல்வியஸ், அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பாதிக்கப்பட்டவரால் எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் வித்தியாசம் இருப்பது. அவரே 2012-இல், இணையக் கொடுமையைப் பற்றிய பேச்சு மிகைப்படுத்தப்பட்டது, இணையத்தில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே பள்ளியில் சிக்கியவர்கள்தான் என்று வாதிட்டார். 2017-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. இணையத்தில் மட்டும் தொடர்ந்து கொடுமைக்கு ஆளானவர்கள் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. 'பார்த்தீர்களா, இது சின்ன விஷயம்' என்று சிலர் இதைக் காட்டுவார்கள். எனக்கு இந்த எண் வேறு மாதிரி படுகிறது. முன்பின் தெரியாதவன் எங்கிருந்தோ வந்து தாக்குவது அரிது. ஏற்கனவே பகலில் அடிபடுகிற பிள்ளையைத்தான் ராத்திரியும் விடாமல் துரத்துகிறார்கள்.

இன்னொரு பக்கம், 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்போடு நேரடிக் கொடுமையைவிட இணையக் கொடுமைக்கே தொடர்பு அழுத்தமாக இருந்தது. தொடர்பு என்றால் அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை, அது வேறு விஷயம். எனக்கு அதிகம் பயன்பட்டது ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு, 2008-இல் வெளிவந்தது. எது அதிகம் பாதிக்கும் என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறார்கள். மின்னஞ்சலில் வரும் திட்டு நேரில் நடப்பதைவிடக் குறைவாகத்தான் வலிக்கும் என்றார்கள். போட்டோவும் வீடியோவும் நேரில் நடப்பதைவிட அதிகம் என்றார்கள். அப்போது இன்ஸ்டாகிராமே பிறக்கவில்லை.

என் மாடியில் பார்ப்பதும் இதேதான். ஃப்ரீ ஃபயர் விளையாடும்போது முகம் தெரியாத எவனோ அம்மாவை இழுத்துத் திட்டினால், பையன்கள் பதிலுக்கு இரண்டு திட்டு திட்டிவிட்டு அடுத்த மேட்ச்சுக்குப் போய்விடுவார்கள். நாளைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரப்போகிறவன் சொன்னால்தான் தூக்கம் போகிறது. 'பிளாக் பண்ணிடுடா' என்று நான் சொன்னபோது ஒரு பையன் என்னை ஒன்றும் தெரியாதவளைப் போலப் பார்த்தான். 'பிளாக் பண்ணா காலையில கிளாஸ்ல வந்து ஏன் பிளாக் பண்ணேன்னு கேப்பாங்க மிஸ்.' அவன் சொன்னது சரி. இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒரு வசதி 2019-இல் வந்தது. எதிராளிக்குத் தெரியாமலேயே அவனுடைய கமெண்ட்டை மற்றவர் கண்ணுக்குப் படாமல் செய்துவிடலாம். பிளாக் செய்யப் பயப்படும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் அப்படி ஒன்றும் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டுப் புதிதாக ஒரு குரூப் ஆரம்பிப்பார்கள், பழைய குரூப் அப்படியே செத்துக் கிடக்கும். இதற்கெல்லாமா அழுவது என்று கேட்பவர்களுக்கு 2003-இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவார்கள். நடுவில் மற்ற இருவரும் உங்களுக்கு மட்டும் எறிவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இருவரும் நிஜ மனிதர்களே இல்லை, கம்ப்யூட்டர்தான்; ஆடுகிறவருக்கு மட்டும் அது தெரியாது. அதற்கே, உடல்வலியின் வேதனையில் வேலை செய்கிற மூளைப்பகுதி ஸ்கேனில் வேலை செய்தது. சோதனைக்கு வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, கல்லூரி மாணவர்கள்.

இதையெல்லாம் சொல்வதால் நேரில் நடப்பது லேசு என்று ஆகிவிடாது. இந்த மாநிலத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்னால் பள்ளியில் நடந்துகொண்டிருந்தது சாதி சொல்லிச் செய்த தொந்தரவு. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024-இல் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறு கூடாது என்பதெல்லாம் அதில்தான். சென்னையில் கயிறு அதிகம் கண்ணில் படாது. இங்கே 'நீ எந்த ஏரியா?' என்று கேட்பார்கள். 'ஹவுசிங் போர்டு' என்பதை ஒரு வசவாகவே பிள்ளைகள் பயன்படுத்துவதை நான் கேட்டிருக்கிறேன். அது நேரிலும் வரும், குரூப்பிலும் வரும்.

சரி, போனை அணைத்துவிட்டால் தீராதா? முதலில், பல வீடுகளில் அது பிள்ளையின் போனே இல்லை, அம்மாவுடையது. 2020 லாக்டவுனில் ஆன்லைன் கிளாஸுக்காக ஆரம்பித்த பழக்கம், ஹோம்வொர்க்கும் சர்க்குலரும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. போனை வாங்கி ஹோம்வொர்க் எழுதிவிட்டு, அம்மாவிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சாட்டை டெலிட் செய்துவிடுவார்கள். அப்புறம், போனை அணைத்தாலும் அந்த ஸ்டிக்கர் மற்ற முப்பத்தைந்து போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தான் பார்க்கவில்லையே தவிர, ஊர் பார்க்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

போனைப் பிடுங்குவதில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் வேறு. பிள்ளைகள் வீட்டில் சொல்லாததற்கு முதல் காரணமே, சொன்னால் போன் போய்விடும் என்பதுதான். தப்பு செய்தவன் கையில் போன் இருக்கும், மாட்டிக்கொண்டவன் கையில் இருக்காது. இது என்ன நியாயம்?

அந்தப் பையன் விஷயத்தில் அவன் அம்மா போனைத் தொடவில்லை. வகுப்பு ஆசிரியையைத் தனியாகப் பார்த்துப் பேசினார். அந்த ஆசிரியை விவரமானவர். அசெம்பிளியில் நிறுத்தி உபதேசம் செய்யாமல், ஸ்டிக்கர் செய்த பையனை மட்டும் கூப்பிட்டு, அவன் பெற்றோரையும் வரவழைத்துப் பேசியிருக்கிறார். குரூப்பில் நின்றது. என் டியூஷன் பெண்ணுக்கு விஷயம் தெரிந்து அவனிடம் போய் சாரி சொன்னாள், அதில்தான் அவன் இன்னும் அதிகமாக நெளிந்தான். ஸ்டிக்கர் முழுசாக ஒழிந்ததா என்றால் இல்லை. யார் யார் ஃபேவரிட்டில் இருக்கிறதோ.

சட்டம் இந்த மாதிரி கேலிக்குப் பெரிதாக உதவாது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது; கருத்துச் சொன்னவர்களை எல்லாம் அதை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ரத்தானது நல்லதுதான். ஆனால் அதோடு சட்டமே இல்லை என்று நினைப்பது தவறு. அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் எடுப்பது, பரப்புவது 66இ பிரிவில் குற்றம். 18 வயதுக்குக் கீழ் என்றால் 67பி-யும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் வரும். பெண்ணை இணையத்தில் விடாமல் பின்தொடர்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவு.

படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுகிறார்கள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்னால், அனுப்பியவரின் நம்பர் அல்லது ஐடி, தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தரங்கப் படத்தை மட்டும் வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், உதவி கேட்பதற்காகக்கூட. அந்தச் செயலி நிறுவனத்துக்கே நேரடியாகப் புகார் கொடுங்கள்; 2021-இல் வந்த விதிகள், இப்படிப்பட்ட படங்களை நீக்க நிறுவனங்களுக்கு 24 மணி நேரம் கெடு வைத்தன. 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. படத்தின் அடையாளக் குறியீடு மட்டும் உங்கள் போனிலிருந்து போகும், அதை வைத்து, சேவையில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால், 'எதுக்கு வாழணும்' என்ற மாதிரி பேசினால், 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

போலீஸ் என்றால் வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் வரை பெண்ணைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டுமே, அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமே என்றுதான் அம்மாக்கள் முதலில் தயங்குகிறார்கள். மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்களுக்கு, பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கும் வழி தனியாக இருக்கிறது. வீட்டிலிருந்தே போடலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பின்னால் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றால் மட்டும் பெயரும் நம்பரும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.