கிதார் படிக்க எந்தப் பள்ளி?

கேள்வி: பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கும் என் மகன், நான்கு ஆண்டுகளாக ஆலயப் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். அதையே முறையாகப் படிக்க விரும்புகிறான். நல்ல இசைப்பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாமல், மகனுடன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கம்பியைத் தள்ளி வளைக்கும்போது எழும் சுரம், இரண்டு ஃப்ரெட் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தள்ளியுள்ள சுரத்தோடு பிசகாமல் சேர்கிறதா என்று மாணவனை நிறுத்தி நிறுத்திக் கேட்கவைக்கும் ஆசிரியர் அங்கே இருந்தால், அந்தப் பள்ளியை நம்பலாம். இந்தக் கருவியின் ஒலி ஆம்ப்ளிஃபயரில்தான் முழுமை பெறுகிறது. வாசிக்காத கம்பிகளைக் கையால் அடக்கத் தெரியாவிட்டால் இரைச்சலே மிஞ்சும். டிரம்ஸ், பேஸ் கிதார் வாசிப்பவர்களோடு வாரந்தோறும் சேர்ந்து வாசிக்கும் வகுப்பு உண்டா என்பதையும் அவசியம் விசாரியுங்கள். தனியறைப் பயிற்சி மட்டும் தரும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைப்பள்ளியை நேரில் சென்று பார்க்கலாம். லண்டனைச் சேர்ந்த டிரினிட்டி என்ற தேர்வு அமைப்பு நடத்தும் ராக் அண்ட் பாப் இசைத் தேர்வுகள் 8-ஆம் கிரேடு (நிலை) வரை உள்ளன. ஆனால் அந்தச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது.

ஆலயத்தில் வாசிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பாடுவோரின் குரலுக்கு ஏற்பச் சட்டென்று ஸ்கேலை மாற்றி வாசிக்கும் பழக்கம் அங்கேதான் அவனுக்கு வந்திருக்கும். பள்ளியின் நேர்முகத்தில் அதைத் தயங்காமல் வாசித்துக் காட்டட்டும்.